துணி மடிக்கிறவர்

கணவர் இறந்த பிறகு அந்தப் பெண் பேருந்து ஓட்டுநர் யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை. முன்பெல்லாம் சாயந்திரம் கணவர் துணி மடிப்பார். அவள் அன்றைய குறைகளையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். அவர் ‘உம்’ கொட்டிக்கொண்டே சட்டைக் கைகளை உள்பக்கமாக மடித்து வைப்பார். இப்போது துவைத்த துணி கட்டிலில் மலையாகக் கிடந்தது. வேண்டியதை அதிலிருந்து உருவிப் போட்டுக்கொண்டாள்.

“மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்காதக்கா” என்று தங்கை இரண்டு மனநல ஆலோசகர்களைப் பிடித்துக் கொடுத்தாள். நேரில் பார்க்க ஒருவர், ஆன்லைனில் பேச இன்னொருவர்.

முதலில் நேரில் போனாள். நல்ல மனுஷிதான். ஆனால் அந்தச் சோபாவில் உட்கார்ந்ததும் இவளுக்குப் பேச வாயே வரவில்லை.

ஞாயிறு காலை ஆன்லைன். ஆலோசகர் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டார். “ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதும்மா. போனை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க.”

காட்டினாள்.

“சரி. துணி மடிக்கிறவரை மட்டும் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்றீங்களா?”

திரும்பிப் பார்த்தாள். கட்டிலருகே யாருமில்லை. குவியலில் பாதி மடிந்திருந்தது, கைகள் உள்பக்கமாக.

“இருக்கட்டும் மேடம். அவர் கேட்டா பரவாயில்ல” என்றவள் ஒரு மணி நேரம் விடாமல் பேசினாள்.

சாயந்திரம் தங்கை போன் செய்தாள். “என்னக்கா, ஆன்லைன் சரிப்படுமா? இல்ல, நேர்லயே போறியா?”

“ஆன்லைன்தான்டி சரி” என்றாள் அக்கா, அலமாரியில் ஒழுங்காக இருந்த துணிகளையும் ஒவ்வொன்றாக உதறிக் கட்டிலில் குவித்துக்கொண்டே.