நூறாவது இடம்

நூலகத்தின் நீள மேசையில் பாதிவரை வெயில் விழுந்திருக்கிறது. புதுக் கட்டடத்தில் நூறு எழுத்தாளர்களுக்குத்தான் இடம். யாருடைய புத்தகம் அதிகம் வெளியே போயிருக்கிறதோ அவரே பெரியவர் என்று, தேதிச் சீட்டில் விழுந்த முத்திரைகளை எண்ணி, நூலகர் அம்மா பட்டியல் போடுகிறார். மற்றதெல்லாம் காகித ஆலைக்கு. எதிர் நாற்காலியில், வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதிய பெரியவர், துணிக்கடையில் நிற்பவரைப்போல மேசையில் சாய்ந்து பேரம் பேசுகிறார். “முதல் பத்து வேண்டாம்மா. தொண்ணூறு போடுங்க.” “சார், உங்க சீட்டுல ஒரு முத்திரைகூட இல்லையே.” “சரி, நூறு. அதுக்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது.” நூலகர் சிரிக்கவில்லை. “புத்தகம் அதோட எடத்துல இருந்தாத்தானே சார் போகும்? பத்துப் பன்னெண்டு பேராவது கேட்டு வந்தாங்க. தேடித் தேடிப் பார்த்து, இல்லைன்னு அனுப்பிட்டேன். இன்னிக்குப் பெரிய தலைங்க அலமாரியைக் காலி பண்றப்பதான், மேல் தட்டுல ரெண்டு மேதைங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கு. எந்தப் புண்ணியவான் வச்சானோ.” யாரும் பார்க்காத நேரத்தில் அதை அங்கே செருகி, வாராவாரம் வந்து தொட்டுப் பார்த்த பெரியவரின் விரல்கள் மேசை விளிம்பைத் தடவுகின்றன. பட்டியல் தலைகீழாகத்தான் தெரிகிறது, ஆனாலும் படித்துவிடுகிறார். நூறாவது ஆளுக்கு ஒன்பது முத்திரை. மின்விசிறி சுற்றுகிறது. “கேட்டு வந்தவங்க யாரு யாரும்மா?” “இல்லைன்னு அனுப்பினவங்க பேரை யாரு சார் எழுதி வைப்பாங்க?” ஆலைக்குப் போகிற மூட்டையை இழுத்து வருகிறார்கள். பெரியவர் தன் நாற்காலியை நகர்த்தி வழிவிடுகிறார்.