ரஸ்டிக்குக் கசப்பு மருந்து

லோர்னா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சீன மூலிகைப் பொடியை வேகவைத்த கோழிக்கறியோடு பிசைகிறாள். வெளியே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மழை ஒரே சீராகப் பெய்கிறது. வீட்டின் கிழட்டு லாப்ரடார் நாய் ரஸ்டிக்கு மண்ணீரலில் கட்டி. நேற்று முழுவதும் தண்ணீர்கூடத் தொடவில்லை. "கட்டி கரையாதும்மா, கொஞ்சம் பசியெடுக்கும்" என்று சொல்லித்தான் கால்நடை மருத்துவர் இந்தப் பொடியைக் கொடுத்திருக்கிறார். அவள் கணவன் க்ளைட் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறான். "த்தூ! பழைய செருப்ப ஊறவெச்ச மாதிரி இருக்கு. இத எப்படித் திங்கும்?" "உன் சமையலையே தின்னவன்தானே, திம்பான்." இருவரும் சிரிக்கவில்லை. க்ளைட் மறுபடி விரலைத் தோய்த்து, குனிந்து நீட்டுகிறான். ரஸ்டி மோந்து பார்க்கிறது, நக்குகிறது. பிறகு கிண்ணத்தில் பாதியைத் தின்றுவிட்டு, அவன் பாதத்தின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று லோர்னாவுக்குத் தெரிகிறது, ஒன்றும் வரவில்லை. கிண்ணத்தின் விளிம்பை விரலால் வழித்துக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் க்ளைட்டின் கைபேசி அடிக்கிறது. "எடுக்கலையா?" "கால்மேல படுத்திருக்கான்." அது அடித்து ஓய்கிறது. க்ளைட் சுவரைப் பார்த்தபடி, மரத்துப்போன காலை அசைக்காமல் நிற்கிறான்.