புதன்கிழமைப் பாட்டு

மயிலாப்பூரில் மரக்கடை வைத்திருந்த வஜ்ரவேலு, புதன்கிழமை சாயங்காலமானால் கடையைச் சாத்திவிட்டு ரேடியோ முன் உட்கார்ந்துவிடுவார். அது கமலவேணி என்கிற புதுப் பாடகியின் நேரம். அவர் கண்மூடிச் சொக்கிப்போய்க் கேட்பதைப் பார்த்துப் பார்த்து, மனைவி தேவானைக்கு இன்று தைரியம் வந்துவிட்டது.

“கோச்சுக்காதீங்க. பேரை மாத்திக்கினு பாடறது நம்ம சொர்ணம்தான். வேற சாதிக்காரனைக் கட்டிக்கினு ஓடுனாலும் நம்ம பொண்ணுதானே?”

“மொத நாளே தெரியும்.”

தேவானைக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. “அப்போ மன்னிச்சிட்டீங்களா? ஊட்டுக்குக் கூப்புடலாமா?”

வஜ்ரவேலு கண்ணைத் திறக்கவில்லை.

“அவ எங்க கீறான்னு ஊரெல்லாம் தேடிக்கினு இருந்தேன். ரேடியோ ஸ்டேஷனுக்கே நேரா வந்து பாடறான்னு இப்போதான் தெரிஞ்சிபோச்சு. பாடி முடிச்சதும் ஸ்டேஷனை வுட்டு வெளியே வருவா. அவ அண்ணன் கத்தியோட வாசல்ல நிக்கிறான்.”

ரேடியோவில் சொர்ணம் மங்களம் பாடத் தொடங்கினாள்.