ஐலண்ட் ரோவர்ஸின் புதிய மேனேஜர்

"பிரஷர் தாங்குவேளா, ஜமால் பாய்? மேனேஜரா வந்த ரெண்டு பேர் ஒரே சீசன்ல ஓடிப் போயிட்டா."

கேட்டவர் பத்ரி. மாட்டுங்காவில் உள்ள ஐலண்ட் ரோவர்ஸ் ஃபுட்பால் கிளப்பின் செயலாளர். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். கோப்பைகள் பழசு, பாலிஷ் மட்டும் புதுசு.

ஜமால் நாற்காலி நுனிக்கு வந்தார். கோவா, கொல்கத்தா என்று பெரிய கிளப்புகளுக்கெல்லாம் கோலியாக நின்று கோல் காத்தவர். தோள்பட்டை நழுவியதோடு ஆட்டம் முடிந்தது. அப்புறம் கோச்சிங் படிப்பெல்லாம் படித்துவிட்டு, மும்பையில் ஏறாத கிளப் இல்லை. "கோலியா? கோலிக்கு மேனேஜ்மென்ட் பத்தி என்ன தெரியும்?" என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். இப்போது தாராவியில் மச்சானின் தோல் பைக் கடையில் உட்கார்ந்து, பறந்து பறந்து பந்து பிடித்த கையால் ஹேண்ட்பேக் ஜிப்பை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மச்சானும் பொறுத்துப் பார்த்துவிட்டு துபாயில் ஒரு குடோன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நேரத்தில்தான் ஐலண்ட் ரோவர்ஸ்காரர்கள் அவர்களாகவே போன் செய்து கூப்பிட்டிருந்தார்கள்.

"பிரஷரா? கொல்கத்தாவுல ஸ்டேடியமே ஒண்ணா சேந்து எங்க உம்மாவைத் திட்டும் சார். நான் பாட்டுக்கு நின்னு என் வேலையைப் பாப்பேன்."

"சிரிச்ச முகமா?"

"சிரிச்ச முகமாத்தான்."

பத்ரி பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஸ்ரீலேகாவைப் பார்த்தார். அவள் கிளப்பின் ஆபரேஷன்ஸ் ஹெட். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அவளும் ஒரு கேள்வி போட்டாள்.

"ரெண்டு சைடுக்கும் சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க? போன சீசன்ல நாற்காலி எல்லாம் பறந்துது. போலீஸ் வந்துது."

"நடுவுல போய் நிப்பேன்மா. அந்தப் பக்கம் ஒரு தலை, இந்தப் பக்கம் ஒரு தலை இருப்பாங்கல்லா? அவங்க ரெண்டு பேரையும் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசணும். தலை அடங்கிட்டா மத்தவன் எல்லாம் தானா அடங்கிருவான்."

"ஏக்தம் கரெக்ட்!" என்றாள் ஸ்ரீலேகா. "மழை வந்தா?"

"எதுக்கு நிப்பாட்டணும்? தண்ணி வடிய வழி பண்ணிட்டு, குறிச்ச நேரத்துக்கு நடத்திப்புடணும்."

"அதான்! அதான் வேணும்!" பத்ரி மேஜையைத் தட்டினார். "குறிச்ச நேரம் தவறினா நம்ம பேரே கெட்டுடும்."

ஜமாலுக்குத் தைரியம் வந்தது. "நானும் ஒண்ணு கேக்கேன் சார். எல்லா கிளப்பும் ஃபார்வர்டு ஆடினவனைத்தானே தேடுதாங்க? நீங்க ஏன் ஒரு கோலியைத் தேடிப் பிடிச்சீங்க?"

"ஃபார்வர்டு ஆடினவாளுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கத்தான் தெரியும். எங்களுக்கு வேண்டியது பின்னால நின்னு மொத்தத்தையும் பாக்கறவர். யார் உள்ள வரலாம், யார் வரக் கூடாதுன்னு ஒரு பார்வையிலயே சொல்றவர்."

இத்தனை வருஷத்தில் ஒரு கோலியின் மனசைப் புரிந்துகொண்டு பேசிய முதல் மனிதர் இவர்தான். எழுந்து கட்டிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

"இன்னொண்ணும் இருக்கு," பத்ரி குரலைத் தாழ்த்தினார். "ஃபுட்பால் கிளப்புன்னு சொல்லி சர்க்கார் கிட்ட இடத்தை வாங்கிண்டு, கமிட்டியில பந்தைத் தொட்டவன் ஒருத்தன்கூட இல்லியேன்னு ஊர்ல பேசிக்கறா. உங்க பேர் போர்டுல ஏறிடுத்துன்னா ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது."

"அந்தப் பேரைக் காப்பாத்துவேன் சார்."

"சலோ, அப்ப இன்னிலேர்ந்து நீங்கதான் மேனேஜர்."

ஜமால் அவசரமாக வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு போன் போட்டார். கீழே மைதானத்தில் ஆட்கள் உயரமான கம்பங்களில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கிளப் முதலில் இரண்டு வருஷம் லீக்கில் கடைசி இடம். போன வருஷம் லீக்கிலேயே பேரைக் காணோம். ஆனால் விளக்கெல்லாம் போடுகிறார்கள் என்றால், ஏதோ பெரிதாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

"ஃபர்ஸானா, துபாய் வேண்டாம்னு உங்க அண்ணன்ட்ட சொல்லிரு."

"நல்லா யோசிச்சீங்களா? அவன் கோவப்பட்டுக் கடைப் பக்கமே வரக் கூடாதுன்னுருவான்."

"இனி நான் எதுக்கு அந்தக் கடைக்குப் போறேன்? மேனேஜர்ட்டி நான்! டீம் எப்படிக் கிடந்தாலும் ஒரே சீசன்ல தூக்கி நிறுத்திருவேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சரி, சொல்லிருதேன்," என்றாள்.

திரும்பி உள்ளே வந்தபோது ஜமால் பத்து வயசு குறைந்தவர் போல நடந்தார். பத்ரி அவர் கையில் ஒரு பால் பேடாவை வைத்தார்.

"விளக்கெல்லாம் பிரமாதமா இருக்கு சார். ராத்திரியிலயும் உண்டோ?"

"சீசன்ல பாதிக்கு மேல ராத்திரிதான். கூட்டம் அள்ளும்!"

ஜமாலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "முதல் மேட்ச் எப்ப சார்?"

பத்ரி கடகடவென்று சிரித்தார். "மேட்ச் எல்லாம் அவா அவா ஜாதகம் பாத்து முடிச்சுண்டு வந்துடுவா, ஜமால் பாய். நம்ம கிரவுண்டுல முகூர்த்தம், ரிசப்ஷன், சாப்பாட்டுப் பந்தி, அவ்வளவுதான்!"