நெட்டுக்கு நிற்கும் டிவி

“டிவிய இப்பிடி அகலவாக்குல இல்லாம நெட்டுக்கு யாராவது மாட்டுவாவளா அண்ணே?”

டிரில்லைக் கையில் பிடித்தபடி செல்வமணி கேட்டான்.

அபின் சிரித்தான். காலையிலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

புது எல்சிடி டிவி கட்டிலின் மேல் குப்புறக் கிடந்தது. அந்தத் தெருவிலேயே அதுதான் பெரியது.

அபினுக்குச் சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை. டிவியைவிட அதை மாட்டும் ஸ்டாண்டுக்குத்தான் அதிகம் அலைந்தான். சுவரோடு ஒட்டி நிற்பதைக் காட்டினார்கள், வேண்டாம் என்றான். கீழே குனிவதைக் காட்டினார்கள், அதுவும் வேண்டாம். கை நீட்டி இரண்டு பக்கமும் திரும்புவதைக் காட்டியபோது மட்டும் கொஞ்சம் யோசித்தான். பிறகு அதையும் வைத்துவிட்டான்.

கடைசியில் ஹார்டுவேர் கடை ஆறுமுகநயினார் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். கனத்த இரும்புச் சட்டம். நடுத்தட்டைக் கழற்றி எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பூட்டலாம்.

அபின் கடை நடுவில் நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அதைப் பார்த்தான். அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நயினார் மிரண்டுபோனார்.

இப்போது செல்வமணி மிரண்டுகொண்டிருந்தான்.

“சூடாயிரும் அண்ணே. கம்பெனிக்காரன் வாரண்டி தரமாட்டான், கேட்டியளா.”

“அவன் தரண்டாம். நீ மாட்டு.”

சுவருக்கும் டிவிக்கும் நடுவே காற்றுப் போக இடம்விட்டு, போல்ட்டை இறுக்கினான் செல்வமணி. அறையெல்லாம் செங்கல் தூசு பறந்தது.

தூசுக்குப் பயந்து பக்கத்து அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து அபினின் மனைவி ஷெமி குரல் கொடுத்தாள்.

“ஆச்சா? டாஸ் போட்டிருப்பான்!”

“இந்தா, ஆச்சு!”

டிவி சுவரேறியது. போட்டதும் அபின் கட்டிலில் பாய்ந்து இடதுபக்கமாகப் படுத்துப் பார்த்தான். செய்தி வாசிக்கிற பெண் தலைகீழாகத் தொங்கினாள்.

“ஐயோ, தப்பிப் போச்சு! தல அந்தப் பக்கம் வரணும்.”

படுத்துக்கொண்டே டிவி பார்க்கத்தான் இத்தனை பாடா? இப்படியொரு சோம்பேறியைச் செல்வமணி கண்டதில்லை. முகத்தில் காட்டாமல் போல்ட்டுகளைக் கழற்றி, டிவியை மறுபக்கம் புரட்டி மாட்டினான்.

அபின் மறுபடியும் படுத்துப் பார்த்தான். துள்ளி எழுந்து விரிப்பிலிருந்த தூசைத் தட்டிவிட்டு, பக்கத்து அறைக்கு ஓடினான்.

திரும்பி வரும்போது அவன் கைகளில் ஷெமி இருந்தாள்.

ஒரு கை அவன் கழுத்தைச் சுற்றியிருந்தது. மறுகை மேடிட்ட வயிற்றின் மேல் இருந்தது.

செல்வமணி சட்டென்று ஏணியை ஓரமாக இழுத்தான். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் கொடுத்து உயர்த்தியிருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

அபின் அவளை மெல்ல இடதுபக்கமாகப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தான்.

“டாக்டர் எந்திக்கவே பிடாதுன்னுட்டாவ,” என்றான் செல்வமணியிடம். “பிரசவம் வரைக்கும் இவளுக்கு இந்தச் சைடுதான்.”

ஷெமி டிவியைப் பார்த்தாள்.

“பாத்தியளா, நேரா தெரியுது!” என்று கத்தினாள்.

அபின் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, அவனும் அவள் பின்னால் சாய்ந்துகொண்டான். நின்றுகொண்டிருந்த செல்வமணி கழுத்தை மடக்கிப் பார்த்தான். எல்லைக் கோட்டருகே பந்தை விரட்டியவன் செல்வமணிக்கு மட்டும் சுவரில் செங்குத்தாக ஏறி ஓடினான். கேட்சைப் பிடித்ததும் மூன்று பேரும் ஒன்றாகக் கூவினார்கள்.

செல்வமணி பையை மூடினான். இவ்வளவு நேரம் மனதுக்குள் திட்டியதற்கு எதையாவது செய்துகொடுக்க வேண்டும்போல இருந்தது.

“இத நேரா திருப்பி மாட்ட நானே வாரேன் அண்ணே. எப்பம் வரணும்?”

அபினின் சிரிப்பு நின்றது.

பிரசவ மாதத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. முன்னே இரண்டு தடவை ஆசையாக மாதம் சொல்லி, இரண்டு தடவையும் அந்த மாதம் வரும்முன்பே வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார்கள்.

“அது… பாக்கலாம் தம்பி. நான் பிறவு…”

“பிப்ரவரி கடைசியில வாங்க,” என்றாள் ஷெமி. கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை. “அப்பமே தொட்டிலுக்கு ஒரு கொக்கியும் மாட்டணும்.”