குதிரைக்குக் கோபம்

"கோபம்! கோபம்!" என்று குதிரையின் கழுத்துப் பட்டை அலறியது. குதிரையின் மனநிலையை வாய்விட்டுச் சொல்லும் பட்டை அது. மூன்று முறை அலறினால் மேலே இருக்கும் குழந்தைக்கு இனி சவாரி கிடையாது என்பது ஊட்டி குதிரைச் சவாரிச் சிகிச்சை மையத்தின் விதி. இது மூன்றாவது முறை. மகள் நிலோஃபர் அமர்ந்திருந்த குதிரையை நோக்கி ஷமீமா ஓடினாள்.

"இறக்கிடுங்கம்மா. உங்க பொண்ணைக் குதிரைக்குப் பிடிக்கலை," என்றார் பயிற்சியாளர் துரைசிங்கம்.

ஆட்டிசம் உள்ள நிலோஃபர் தானே இறங்கினாள். யாரையும் பார்க்காமல் பட்டையைக் கழற்றி எறிந்தாள். அதன் உள்பக்கம் தைத்திருந்த லேபிள் உரசி உரசி, குதிரையின் கழுத்து சிவந்து கிடந்தது. குதிரை அவள் தோளில் முகத்தைச் சாய்த்தது.

"தினமும் நாங்கதானே மாட்டுறோம்! இவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்றார் துரைசிங்கம்.

ஷமீமா நிமிர்ந்து நின்றாள். "சட்டை லேபிள் குத்துதுன்னு எனக்குப் புரியவைக்க இவளுக்கு ஆறு வருஷம் ஆச்சு சார். குதிரையை அவ்வளவு நாள் காக்க வைக்க மனசு வரல போல."