ஆறிப்போன பாய்லர்

“பாருங்க, இன்னிக்கும் தூங்குறாரு!”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து பல்லைக் கடித்தாள் முதலாளியம்மா. எதிரே நின்ற கட்டிங் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

இஸ்திரிக்காரர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லர் ஆறிப்போய்க் கிடந்தது.

“மத்தியானம் ஆனா போதும், சாஞ்சுடறாரு. நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா மாஸ்டர்?”

“அவர் வேலையை முடிச்சுடறாரும்மா...” மாஸ்டர் மென்று விழுங்கினார்.

“நல்லா முடிச்சாரு! மத்தவங்க என்னடான்னா மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டுத் தெருவை வேடிக்கை பார்க்கிறாங்க. போங்க, போய் வேலையைப் பாருங்க!”

தையல் கம்பெனி ஆரம்பித்த நாள் முதல், பாய்லர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘உஸ், உஸ்’ என்று இரைந்துகொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. அந்தச் சத்தம் கேட்டால்தான் தொழில் ஓடுகிறது என்று நம்பிக்கை வரும். இப்போது மத்தியானத்துக்கு மேல் மயான அமைதி. ஆர்டரும் பாதியாகிவிட்டது. கடைக்காரர்களைக் கேட்டால் “நிலைமை சரியில்லைங்க” என்கிறார்கள். இவளுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்?

ஒரு ஆளைக் குறைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கூடிய சீக்கிரம் எல்லோருமே நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

முதலில் பொத்தான் வைக்கும் பெண்ணைத்தான் நினைத்திருந்தாள். கடைசியாகச் சேர்ந்தவள். இரண்டு மாதம் முன்பே தம்பியிடம் போனில் சொல்லியும் ஆயிற்று. ஆனால் அவள் கைக்குழந்தைக்காரி. புருஷனுக்கும் வேலை போய்விட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தவளுக்கு, இந்தக் குறட்டை ஒரு வழி காட்டியது. தூங்குகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க இதென்ன சத்திரமா? இன்று சாயங்காலம் கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் மீட்டர் பார்ப்பவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நடுவுல கம்பெனியைப் பூட்டி வெச்சிருந்தீங்களா?”

“இல்லையே! ஏன்?”

“வழக்கமா ஓடுறதுல பாதிகூட ஓடலையே. மீட்டர்ல யாராவது கை வெச்சாங்களா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துத் தெரு அச்சகத்துக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அபராதம், விசாரணை, கடைசியில் கதவுக்கு சீல்.

“ஐயோ, அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க! நாங்க யாரும் தொடக்கூட இல்லை!”

மாஸ்டர் ஓடி வந்தார். “சார், மீட்டர் நல்லாத்தான் இருக்கு. இப்ப பாய்லரைப் போடறேன், நீங்களே பாருங்க.”

பாய்லரைப் போட்டதும் மீட்டர் குதித்துக்கொண்டு ஓடியது. மீட்டர்காரர் சிரித்துவிட்டார். “இந்த ஓட்டம் ஓடுதே! அப்ப நீங்கதான் நிஜமாவே மிச்சம் பிடிச்சிருக்கீங்க.” குறித்துக்கொண்டு கிளம்பினார்.

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். “என்ன மாஸ்டர் இதெல்லாம்?”

“முந்தி நம்ம இஸ்திரிக்காரர் நாலு சட்டை வந்தா தேய்ப்பாரு. அடுத்த நாலு சட்டை வர்ற வரைக்கும் பாய்லர் சும்மா கொதிச்சுக்கிட்டே கிடக்கும். இப்ப இன்னிக்குத் தைச்சதையெல்லாம் சேர்த்து வெச்சு நாளைக்குக் காலையில ஒரே மூச்சுல தேய்ச்சு முடிச்சுடறாரு. நாங்களும் ஜன்னல் வெளிச்சத்துலயே தைக்கிறோம். பகல்ல லைட்டே கிடையாது. எல்லாம் அவர் யோசனைதாம்மா.”

மிச்சமான கரண்ட் பணத்தை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஒரு ஆள் சம்பளத்தில் முக்கால்வாசி வந்துவிடும் போலிருந்தது. மீதிக்கு என்ன செய்வது?

தலைக்கு மேலே அவளுடைய ஏ.சி. ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை அணைத்தாள். அறைக் கதவை விரியத் திறந்துவிட்டு வெளியே வந்தாள்.

பாய்லர் சத்தத்தில் இஸ்திரிக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அதை அணைக்கக் கையும் போயிருந்தது.

“அண்ணே, நான் போன்ல பேசினதைக் கேட்டுட்டீங்க, அப்படித்தானே?”

“கதவு சரியா சாத்தலைம்மா. காதுல விழுந்துடுச்சு.”

“இந்த யோசனையை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“பாய்லர் ஆறினா உங்களுக்குப் பதறுமே. கூடாதுன்னுட்டா என்ன பண்றது? செஞ்சு காட்டிட்டுச் சொல்லலாம்னுதான்...”

“சரி, இனிமே யாரும் எங்கேயும் போக வேண்டாம்.” சொல்லும்போதே அவளுக்குக் கோபம் வந்தது. “ஆனா ஒண்ணு. இவ்வளவும் செஞ்சவர் என் கண்ணுக்கு நேராவா படுத்துக் குறட்டை விடணும்? அந்தத் துணி மூட்டைக்குப் பின்னால படுத்திருக்கக் கூடாதா? இன்னிக்குச் சாயங்காலம் உங்களைத்தான் அனுப்பறதா இருந்தேன். தெரியுமா?”

“தெரியும்மா.”

ஜன்னல் ஓரம் தலை நிமிராமல் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவளை ஒரு முறை பார்த்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்குப் பகல்ல தூக்கமே வராதும்மா. ஒருவேளை கரண்ட் மிச்சமாகலைன்னா, உங்க கண்ணு அந்தப் பொண்ணு மேல விழறதுக்கு முன்னாடி என் மேல விழணும் இல்லையா?”